உப்புக்கறையும் எலும்பும்: ஹெர்பர்ட் ஃப்ளைஷின் ஆராய்ச்சி வாழ்க்கை

உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஏறும். நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புளியோ எலுமிச்சையோ போட்டு ஊறவைக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம், சூடு ஏறியதும் கரைந்து நிற்க முடியாமல் படிகமாகி உட்கார்ந்துவிடுகிறது. நம் இரத்தத்திலும் கால்சியம் இருக்கிறது, 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. கூடவே பாஸ்பேட்டும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து கெட்டிப்பட்டால் அதுதான் எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட். வேதியியல் கணக்குப்படி அந்தத் தாதுவைப் பொறுத்தவரை இரத்தம் மிகைச்செறிவுக் கரைசல். படிகம் ஒன்று எங்காவது தொடங்கிவிட்டால் வளர்ந்துகொண்டே போக வேண்டும். அப்படியானால் இரத்தக்குழாயும் தோலும் சிறுநீரகமும் ஏன் கல்லாகவில்லை? எலும்பும் பல்லும் மட்டும் ஏன் கெட்டிப்படுகின்றன?

இன்று எலும்புப்புரைக்கு உலகெங்கும் எழுதித் தரப்படும் மாத்திரைகளின் பூர்வீகம் இந்தக் கேள்விதான். எலும்புப்புரைக்கு மருந்து தேடி யாரும் புறப்படவில்லை. கேள்வியை நாற்பது ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தவர் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர். 1933-இல் லொசானில் பிறந்தவர், 2007-இல் மறைந்தார். தந்தை ஆல்ஃபிரட் ஃப்ளைஷ் உடலியங்கியல் பேராசிரியர். மூச்சுக்காற்றின் வேகத்தை அளக்கும் நியூமோடாகோகிராஃப் கருவிக்காக இன்றும் நினைக்கப்படுபவர். அளக்க முடிந்ததை மட்டுமே நம்புவது மகனுக்கு வீட்டிலிருந்தே வந்த குணமாக இருக்கலாம்.

மேலே போகும் முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே சொல்லை முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதற்கும் சொல்கிறோம், எலும்பு உள்ளுக்குள் அடர்த்தி குறைந்து நொறுங்குவதற்கும் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது நாள்தோறும் வலிக்கும். இரண்டாவதற்கு எலும்பு முறியும்வரை வலியே கிடையாது. இக்கட்டுரையில் எலும்புப்புரை என்பது இரண்டாவதை மட்டுமே குறிக்கும். மூட்டுவலிக்காரர் எலும்புப்புரை மாத்திரையான அலெண்ட்ரோனேட் கேட்பதும், முதுகெலும்பு நசுங்கியவர் மூட்டுத் தைலம் தடவிக்கொண்டிருப்பதும் இந்தச் சொற்குழப்பத்தில் நடப்பவை.

லொசானில் மருத்துவம் முடித்த ஃப்ளைஷ், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நியூமனிடம் போய்ச் சேர்ந்தார். எலும்பின் வேதியியலில் அன்று நியூமனின் கூடம் முன்னணியில் இருந்தது. எலும்பின் நாரான கொலாஜனை கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த கரைசலில் போட்டு, எந்தச் செறிவில் அதன் மேல் படிகம் பிடிக்கிறது என்று பார்க்கும் வேலை. வெறும் உப்புக் கரைசலில் சீக்கிரமே பிடிக்கும். இரத்தத்திலிருந்தோ சிறுநீரிலிருந்தோ எடுத்த திரவத்தைச் சேர்த்தால் பிடிக்காது. செறிவை இன்னும் ஏற்ற வேண்டும். ஆக, உடல் திரவங்களில் ஏதோ ஒன்று படிகத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

அது என்ன என்பதற்குத் துப்பு கிடைத்தது மருத்துவத்துக்கு வெளியே. கொதிகலனிலும் குழாயிலும் உப்புப் படியாமலிருக்க, தண்ணீர்த் தொழிலில் ஏற்கெனவே பாலிபாஸ்பேட் கலப்பார்கள். இருக்கிற கால்சியம் முழுவதையும் கட்டிப்போடும் அளவு தேவையில்லை. துளி சேர்த்தாலே போதும். அது வளரும் படிகத்தின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கு ஏறவிடாமல் செய்கிறது. உடலும் இதே உபாயத்தைக் கையாண்டால்? 1961-இல் நியூமனோடு சேர்ந்து பாலிபாஸ்பேட்டின் பங்கை எழுதினார் ஃப்ளைஷ். 1962-இல் பிசாஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, சிறுநீரிலிருந்து அந்தத் தடுப்பானைப் பிரித்தெடுத்து அடையாளமும் காட்டினார்: பைரோபாஸ்பேட். இரண்டு பாஸ்பேட் நடுவில் ஓர் ஆக்ஸிஜன் அணுவால் கோக்கப்பட்ட, பாலிபாஸ்பேட் குடும்பத்திலேயே மிகச் சிறிய உறுப்பினர். உடலின் உயிரணுக்கள் எல்லாமே நாள்தோறும் ஏராளமாக உண்டாக்கும் சாதாரணப் பொருள்.

மற்ற உறுப்புகள் கல்லாகாததற்கு விடை இது. எலும்பு மட்டும் கெட்டிப்படுவதற்கு விடை இதன் மறுபாதி: எலும்பு உண்டாகும் இடத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பைரோபாஸ்பேட்டை வெட்டித் துண்டாக்கிவிடுகிறது. காவல்காரன் போனதும் படிகம் வளர்கிறது. ஆய்வுக்கூடக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் மனித உடலில் ஒரு சாட்சி வேண்டும். பிறவியிலேயே அந்த நொதி குறைவாக உள்ள ஹைப்போபாஸ்பட்டேசியா நோயாளிகளின் சிறுநீரில் பைரோபாஸ்பேட் மிகுந்திருப்பதை 1965-இல் கிரஹாம் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் காட்டினார். அவர்கள் எலும்பு சரியாகக் கெட்டிப்படாது என்பது முன்பே தெரியும். நொதி இல்லை, காவல்காரன் போகவில்லை, எலும்பு இறுகவில்லை. கோட்பாட்டை இயற்கையே சோதித்து வைத்திருந்தது. இந்த ரஸ்ஸல் பிறகு ஃப்ளைஷோடு வேலை செய்ய வந்தார். அந்தக் கூட்டு வாழ்நாள் முழுக்க நீண்டது.

அப்போது ஃப்ளைஷ் டாவோஸில் இருந்தார். ஆல்ப்ஸ் மலைமேல், காசநோய்க்காரர்கள் காற்று மாற்றத்துக்குப் போகும் ஊராகப் பேர்பெற்றது அது. காசநோய்க்கு மருந்து வந்தபின் அந்த ஊருக்கு வேறு பிழைப்பு தேவைப்பட்டது. எலும்பு முறிவைத் தகடும் திருகும் வைத்துப் பொருத்தும் சுவிஸ் அறுவை மருத்துவர்கள் அங்கே ஒரு சோதனைக்கூடம் நடத்தினார்கள். 1963 முதல் 1967 வரை அதன் இயக்குநர் ஃப்ளைஷ். தகடு திருகுக்காரர்கள் காசில் படிக வேதியியல் வளர்ந்தது என்று சொன்னால் பெரிய பிழையில்லை. பிறகு 1967-இல் பெர்ன் பல்கலைக்கழகத்தின் நோயுடலியங்கியல் துறைக்குப் போனவர், 1997-இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார்.

டாவோஸில் செய்த சோதனை எளிமையானது. எலிக்கு வைட்டமின் டி-யை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் அதன் பெருந்தமனியும் சிறுநீரகமும் சுண்ணாம்பேறிப் போகும். கூடவே பைரோபாஸ்பேட்டை ஊசியாகப் போட்டால் சுண்ணாம்பேறுவது குறைந்தது. வாய்வழி கொடுத்தால் பலன் இல்லை. குடலிலேயே நொதி வெட்டிவிடும்; தப்பிப் போனாலும் எலும்பை அடைந்ததும் அங்குள்ள பாஸ்பட்டேஸ் வெட்டிவிடும். மருந்தாக்க நினைத்தவருக்கு இது முட்டுச்சந்து. பைரோபாஸ்பேட் மாதிரியே படிகத்தில் ஒட்ட வேண்டும், ஆனால் நொதியால் வெட்டப்படக் கூடாது. அப்படி ஒரு பொருள் வேண்டும்.

அந்தப் பொருள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஜெர்மானிய வேதியியலாளர்களின் புட்டியில் கிடந்தது. நடுவிலுள்ள ஆக்ஸிஜனுக்குப் பதில் கார்பன். பாஸ்பரஸ்-ஆக்ஸிஜன்-பாஸ்பரஸ் பிணைப்பை வெட்டத் தெரிந்த நொதிக்கு பாஸ்பரஸ்-கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பைத் தொட முடியாது. நெசவாலை, உரம், எண்ணெய்த் தொழில்களில் துருப்பிடிக்காமலும் உப்புப் படியாமலும் இருக்க அது பயன்பட்டு வந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் மேரியன் ஃபிரான்சிஸ் என்ற வேதியியலாளர், சலவைத்தூளுக்கும் பற்பசைக்கும் இந்தப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்லில் காரை படிவதும் கால்சியம் பாஸ்பேட் படிவதுதானே. ஒருவர் கையில் கேள்வி, மற்றவர் கையில் மூலக்கூறு. முதலில் டைபாஸ்பொனேட் என்றார்கள். பிறகு பிஸ்பாஸ்போனேட் என்ற பெயர் நிலைத்தது.

1969-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. இந்தத் துறையில் வேலை செய்ய வருபவர் முதலில் படிக்க வேண்டியவை இவைதாம். ஒன்று எதிர்பார்த்தது: பிஸ்பாஸ்போனேட் படிகம் உண்டாவதைத் தடுக்கிறது, எலியின் தமனி சுண்ணாம்பேறுவதையும் தடுக்கிறது, அதுவும் வாய்வழி கொடுத்தாலே. மற்றது எதிர்பாராதது. படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் பொருள் புதிய அடுக்கு ஏறுவதை மட்டுமா தடுக்கும்? இருக்கிற அடுக்கு கரைந்து போவதையும் தடுத்தால் என்ன? படிகத்தை இந்தப் பொருளில் நனைத்துவிட்டு, கால்சியம் இல்லாத கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். கரைவது குறைந்தது. எலிக்குஞ்சின் மண்டையோட்டு எலும்பை ஊடகத்தில் வளர்த்து, எலும்பைக் கரைக்கும் பாராதைராய்டு ஹார்மோனை ஊற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் கரைவு குறைந்தது. பிறகு உயிருள்ள எலியில். அதற்கும் பிறகு, காலுக்குப் போகும் நரம்பை வெட்டி அசைவில்லாமல் செய்த எலியில். அசையாத காலில் எலும்பு மெலியும். அதுவும் தடைப்பட்டது.

எலும்புப்புரை மருந்து பிறந்த இடம் அந்த இரண்டாவது கட்டுரை. முதல் கட்டுரையின் கனவுகள், அதாவது தமனிச் சுண்ணாம்பு, சிறுநீரகக் கல், பற்காரை ஆகியவற்றில் பெரும்பாலானவை மருந்தாகி நிலைக்கவில்லை.

மனிதரில் முதலில் கொடுக்கப்பட்டதும் எலும்புப்புரைக்கு இல்லை. தசையெல்லாம் எலும்பாக மாறும் கொடிய பிறவி நோய் கொண்ட ஒரு குழந்தைக்கு பிஸ்பாஸ்போனேட்டுகளில் ஒன்றான எட்டிட்ரோனேட் கொடுத்த விவரம் 1969-இல் 'லான்செட்'டில் வந்தது. அடுத்து பேஜெட் நோய்: எலும்பின் ஒரு பகுதி மட்டும் வெறிபிடித்தாற்போல் கரைந்து கரைந்து தாறுமாறாகக் கட்டப்படும் நோய். 1971-இல் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் அதில் பலனைக் காட்டினார்கள். 1977-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏன் பேஜெட் முதலில்? ஆராய்ச்சித் தொழிலின் நடைமுறை அறிவு இங்கே இருக்கிறது. பேஜெட்டில் இரத்தத்தின் அல்கலைன் பாஸ்பட்டேஸ் பன்மடங்கு ஏறியிருக்கும். மருந்து வேலை செய்தால் சில மாதங்களில் இறங்கும். சில பத்து நோயாளிகள் போதும். எலும்புப்புரையில் இறுதி அளவுகோல் முறிவு. முறிவு எண்ண வேண்டுமானால் ஆயிரக்கணக்கான பெண்கள், மூன்று நான்கு ஆண்டுகள், ஏராளமான பணம். அடர்த்தியை அளக்க நம்பகமான கருவியும் அன்று கிடையாது. இரட்டை எக்ஸ்ரே முறையான டெக்சா 1980-களின் பிற்பகுதியில்தான் கைக்கு வந்தது.

இதற்கு நடுவில் ஒரு சிக்கல் முளைத்தது. எட்டிட்ரோனேட்டை கரைவைத் தடுக்கும் அளவுக்குக் கொடுத்தால், புதிய எலும்பு இறுகுவதையும் அது தடுத்தது. மூலக்கூறு செய்ததில் தப்பே இல்லை. அதன் முதல் குணமே படிகத்தைத் தடுப்பதுதான். இதைத் தெளிவாகக் காட்டியது உடற்கூற்றியலாளர் ராபர்ட் ஷெங்க் கையாண்ட முறை. வளரும் எலிக்குட்டிக்குச் சில நாள் மருந்து கொடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்முனையை நீளவாக்கில் சீவிப் பார்ப்பது. கரைவு தடைப்பட்டிருந்தால், வளர்ச்சித் தட்டுக்குக் கீழே கரைந்து ஒல்லியாக வேண்டிய பகுதி கரையாமல் தடியாக, அடர்த்தியாக நிற்கும். இறுகுவது தடைப்பட்டிருந்தால் வளர்ச்சித் தட்டே, எலும்பு இறுகாத ரிக்கெட்ஸ் நோய் வந்தது போல அகன்றிருக்கும். ஒரே சீவலில் நன்மையும் தீமையும் தெரியும். 1973-இல் வந்த ஒப்பீட்டில் எட்டிட்ரோனேட் இரண்டையும் செய்தது. இன்னொரு பிஸ்பாஸ்போனேட்டான குளோட்ரோனேட் கரைவை மட்டும் தடுத்தது. ஆக, இரண்டு குணங்களும் பிரிக்கக் கூடியவை. நடுக் கார்பனில் தொங்கும் பக்கச்சங்கிலியை மாற்றினால் வீரியம் மாறுகிறது. அந்தக் கண்டுபிடிப்பின் பிறகு மருந்து நிறுவனங்கள் ஓட்டமெடுத்தன. எட்டிட்ரோனேட்டை 1 என்று வைத்தால் பாமிட்ரோனேட் 100, அலெண்ட்ரோனேட் 100-க்கும் 1000-க்கும் இடையில், சோலெட்ரோனேட் 10,000-க்கும் மேல். இது எலியில் அளந்த வீரியம். மனிதரில் இத்தனை மடங்கு பலன் என்று பொருள் கொள்ளக் கூடாது.

எட்டிட்ரோனேட்டையும் அதற்காக வீசிவிடவில்லை. 14 நாள் தினம் 400 மில்லிகிராம், பிறகு 76 நாள் கால்சியம் மட்டும். 90 நாள் ஒரு சுற்று. இறுகுவதற்கு இடைவெளி விட்டுக் கொடுக்கும் தந்திரம். 1990-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் முதுகெலும்பில் இதன் பலனைக் காட்டின.

மனித எலும்பு சரியாக இறுகுகிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? டெக்சாவில் தெரியாது, அது எவ்வளவு தாது இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து 7 மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எடுப்பதற்கு முன் டெட்ராசைக்ளின் மாத்திரை 3 நாள், 12 முதல் 14 நாள் இடைவெளி, மறுபடி 3 நாள். அதற்கு ஐந்தாறு நாளுக்குப் பிறகு துண்டு எடுப்பார்கள். அந்தந்த நாளில் இறுகிய எலும்பில் டெட்ராசைக்ளின் ஒட்டிக்கொண்டு, புற ஊதா ஒளியில் மஞ்சளாக மின்னும். இரண்டு மஞ்சள் கோட்டுக்கு நடுவிலுள்ள தூரத்தை நாள் கணக்கால் வகுத்தால், ஒரு நாளைக்கு எலும்பு எவ்வளவு கட்டப்படுகிறது என்று கிடைக்கும். கோடு இரண்டாகத் தெரியாமல் அப்பிக்கொண்டு கிடந்தால் இறுகுவதில் கோளாறு.

இந்தச் சோதனை கெட்டுப்போகும் வழிகள் இரண்டு, இரண்டும் அற்பமானவை. ஒன்று, நோயாளி டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்குவது. பாலின் கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், எலும்பில் கோடே விழாது. இரண்டாவது, துண்டை வழக்கமான நோய்க்குறியியல் கூடத்துக்கு அனுப்புவது. அங்கே எலும்பு என்றாலே அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவை நீக்கிவிட்டுத்தான் சீவுவார்கள். தாது போனால் இறுகிய எலும்புக்கும் இறுகாத எலும்புக்கும் வித்தியாசமும் போயிற்று, மஞ்சள் கோடும் போயிற்று. 70 சத ஆல்கஹாலில் போட்டு, தாது நீக்காமல், கெட்டியான பிளாஸ்டிக் பிசினில் புதைத்து, அதற்கென்று உள்ள கனத்த கத்தியில் சீவ வேண்டும். நோயாளி இன்னொரு முறை இடுப்பைக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார் என்பதால், சீட்டில் 'தாது நீக்காதீர்' என்று பெரிதாக எழுதி அனுப்புவது நல்லது.

1995-இல் அமெரிக்காவில் அலெண்ட்ரோனேட்டுக்கு எலும்புப்புரை அனுமதி கிடைத்தது. இரண்டு கட்டுரைகள் வந்து 26 ஆண்டுகள் கழித்து. 1996-இல் லான்செட்டில் வந்த பெரிய சோதனையின் எண்களைப் பொறுமையாகப் பார்ப்பது பயன் தரும். ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியிருந்த 2027 பெண்கள், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். எக்ஸ்ரேயில் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது வெற்று மாத்திரைக் குழுவில் 15 சதவீதம், மருந்துக் குழுவில் 8 சதவீதம். இடுப்பு முறிவு வெற்று மாத்திரைக் குழுவில் 22 பேர், மருந்துக் குழுவில் 11 பேர். 'இடுப்பு முறிவைப் பாதியாகக் குறைக்கும்' என்று விளம்பரத்தில் வருவது இந்த 22-ம் 11-ம்தான். இவ்வளவு ஆபத்திலிருந்த பெண்களிலேயே ஒருவரின் இடுப்பைக் காப்பாற்ற 90 பேர் மூன்று ஆண்டு விழுங்க வேண்டும். ஒரு முதுகெலும்பு நசுங்கலைத் தவிர்க்க ஏறத்தாழ 14 பேர் போதும். ஆபத்து குறைவானவருக்கு இதே மாத்திரை எழுதினால் 90 என்பது பல நூறாகும். பாதி என்பது பொய்யில்லை. எதில் பாதி என்று கேட்காமல் விடுவதில்தான் தப்பு.

அடர்த்தி அளவீடு பற்றி ஒரு இடைச்செருகல். உலக சுகாதார நிறுவனத்தின் 1994 வரையறைப்படி டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து விலகலைச் சொல்லும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. இது இடுப்பிலும் முதுகிலும் டெக்சா எடுத்த அளவுக்கான வரையறை. நம் ஊர் இலவச முகாம்களில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்து அல்ட்ராசவுண்டில் எடுக்கும் ஸ்கோருக்கு இந்த எல்லைக்கோடு பொருந்தாது. அந்தத் துண்டுச்சீட்டை வைத்து மருந்து தொடங்கக் கூடாது. டெக்சாவிலும் ஏமாற்றம் உண்டு: வயதானவரின் முதுகில் எலும்பு முண்டுகளும் பெருந்தமனிச் சுண்ணாம்பும் நசுங்கிய முள்ளெலும்பும் எண்ணை உயர்த்திக் காட்டும். இடுப்பு எண் மோசமாகவும் முதுகு எண் நன்றாகவும் இருந்தால் முதுகை நம்பாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து ஒப்பிடுவதானால் அதே கருவியில்தான். 2 சதம் ஏறியதென்று மகிழ்வதும் இறங்கியதென்று கலங்குவதும் வீண். கருவியின் தடுமாற்றமே அந்த அளவுக்கு உண்டு.

இனி ஃப்ளைஷ் கதையின் எதிர்பாராத திருப்பம். படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கரையவிடாமல் செய்கிறது என்பதே விளக்கம் என்றால், படிகத்தில் எது நன்றாக ஒட்டுகிறதோ அதற்கே வீரியம் அதிகம் இருக்க வேண்டும். பக்கச்சங்கிலி மாறிய புதிய மருந்துகளில் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒட்டுவது சற்று முன்பின் இருக்க, வீரியமோ ஆயிரம் மடங்கு ஏறியது. உயிரணுவுக்குள் ஏதோ நடக்கிறது. 1993-இல் ஃப்ளைஷின் பெர்ன் குழு, எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் வழியாகத்தான் மருந்து வேலை செய்கிறது என்று எழுதியது. அதுவும் முதன்மை விடையாக நிலைக்கவில்லை.

விடை ஓர் அமீபாவிலிருந்து தொடங்கியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரஸ்ஸலின் கூட்டத்தில் இருந்த மைக்கேல் ரோஜர்ஸ், டிக்டியோஸ்டீலியம் என்ற மண்ணில் வாழும் அமீபாவின் வளர்ச்சியை பிஸ்பாஸ்போனேட்டுகள் தடுப்பதைப் பார்த்தார். எலும்பே இல்லாத உயிர். எலும்பில் எந்த மருந்துக்கு வீரியம் கூடுதலோ, பெரும்பாலும் அதற்கே அமீபாவிலும் கூடுதல். அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒரு நொதி. 1990-களின் இறுதியில் தெளிவானது இதுதான்: எட்டிட்ரோனேட், குளோட்ரோனேட் போன்ற பழையவை உயிரணுவுக்குள் போய், அணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. (ATP) மாதிரியான போலிச் சரக்காக மாறி அணுவைக் கொல்கின்றன. அலெண்ட்ரோனேட் போன்ற, நைட்ரஜன் கொண்ட புதியவை, கொலஸ்ட்ரால் உண்டாகும் பாதையில் இருக்கும் ஃபார்னெசில் பைரோபாஸ்பேட் சிந்தேஸ் என்ற நொதியை அடைத்துவிடுகின்றன. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் அடைக்கும் அதே பாதையில், இன்னும் கொஞ்சம் கீழே. அது அடைபட்டால் எலும்பு தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் தன் விளிம்பை எலும்பின் மேல் ஒட்டிவைத்துக் கரைக்க முடியாமல் செயலிழந்து போகிறது.

உடலில் எத்தனையோ அணுக்களில் அந்த நொதி இருக்க, ஆஸ்டியோகிளாஸ்ட் மட்டும் ஏன் சாகிறது? மருந்து எலும்புப் படிகத்தில் ஒட்டியிருக்கிறது. எலும்பைத் தின்ன வருகிற அணுதான் அதையும் சேர்த்து விழுங்குகிறது. ஃப்ளைஷின் ஆதி விளக்கம் மருந்து எங்கே போகும் என்பதில் முழுக்கச் சரி. போய் என்ன செய்யும் என்பதில் பாதிக்கு மேல் தவறு. மருந்து கொடுத்தவர்களுக்கு அது தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின, நோயாளிகளுக்கு ஒன்றும் குறையவில்லை. படிகத்தில் ஒட்டும் அதே குணத்தால், கதிரியக்க டெக்னீசியத்தைச் சுமக்க வைத்த பிஸ்பாஸ்போனேட்தான் மருத்துவமனைகளின் எலும்பு ஸ்கேனில் இன்றும் ஒளிர்கிறது.

மாத்திரை அட்டையோடு வரும் நிபந்தனைகளை இந்த வேதியியலோடு சேர்த்துப் படித்தால், ஒவ்வொன்றும் புரியும். அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு 70 மில்லிகிராம் மாத்திரை. வெறும் வயிற்றிலேயே குடல் உறிஞ்சுவது 1 சதத்துக்கும் குறைவு. கணக்குப்படி உள்ளே போவது ஏறத்தாழ அரை மில்லிகிராம், அதில் ஏறத்தாழ பாதி சிறுநீரில் போய்விடும். உப்புத் தண்ணீரைப் பதப்படுத்தப் பிறந்த மூலக்கூறு என்பதால், கால்சியத்தைக் கண்டால் வயிற்றிலேயே கட்டிக்கொண்டு கழிவோடு போய்விடும். பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, அமிலத்தணிப்பி எதுவும் கூடாது. கறுப்புக் காப்பியோ ஆரஞ்சுச் சாறோ கொண்டு விழுங்கினால்கூட உறிஞ்சுவது 60 சதம் குறைகிறது. காலையில் எழுந்ததும் டிகாஷன் வாசம் வரும் வீட்டில் இது சோதனைதான். 180 முதல் 240 மில்லி சாதாரணக் குடிதண்ணீரில் விழுங்க வேண்டும். கால்சியம் மிகுந்த கனிமநீர் வேண்டாம். குறைந்தது அரை மணி நேரம் வேறெதுவும் உண்ணக் கூடாது. அரை மணிக்குப் பதில் இரண்டு மணி காத்திருந்தால் இன்னும் கூடுதலாக உறிஞ்சும் என்றாலும், அவ்வளவு கறாராக இருந்தால் மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

அந்த அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனிந்து வேலை செய்வதும் வேண்டாம். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். நிமிர்ந்து உட்கார முடியாத முதியவருக்கு, ஏற்கெனவே உணவுக்குழாய் சுருங்கியவருக்கு, இது பொருந்தாத மருந்து. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் ஆசிட் (சோலெட்ரோனேட்) 5 மில்லிகிராம், 100 மில்லி கரைசலில், 15 நிமிடத்துக்குக் குறையாமல் சிரை வழியாக ஏற்றலாம். இங்கேயும் அதே வேதியியல் விடாமல் துரத்துகிறது: ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் கலந்த திரவத்தோடு ஒரே குழாயில் ஏற்றக் கூடாது. முதல் முறை ஏற்றிய அன்றோ மறுநாளோ காய்ச்சலும் உடம்புவலியும் வரக்கூடும், பாராசிட்டமால் போதும், அடுத்த ஆண்டு பெரும்பாலும் வராது. ஏற்றும் முன் வைட்டமின் டி-யும் கால்சியமும் சிறுநீரகமும் பார்த்தே ஆக வேண்டும். வைட்டமின் டி வற்றியவருக்கு இதை ஏற்றினால், எலும்பிலிருந்து வரும் கால்சியமும் நின்று இரத்தக் கால்சியம் சரியும். கைவிரல் மரத்து இழுக்கும்.

எலும்பில் ஒட்டியது அங்கேயே பல ஆண்டுகள் தங்கும். அலெண்ட்ரோனேட் முழுதும் வெளியேற ஆகும் காலத்தை ஆண்டுக்கணக்கில்தான் சொல்ல முடியும். பாதி குறையவே பத்தாண்டுக்கு மேல் ஆகலாம். இதில் லாபமும் உண்டு, அபாயமும் உண்டு. ஐந்து ஆண்டு விழுங்கி நிறுத்தியவர்களையும் பத்து ஆண்டு தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட 2006 ஆய்வில், வலியோடு வெளிப்பட்ட முதுகெலும்பு நசுங்கல் மட்டும் தொடர்ந்தவர்களில் குறைவாக இருந்தது (2.4 சதம், 5.3 சதம்), மற்ற முறிவுகளில் வித்தியாசம் இல்லை. அதனால் ஐந்து ஆண்டு முடிந்ததும், ஆபத்து குறைந்தவருக்கு மருந்துக்கு விடுப்பு விடலாம். அபாயம் என்பது அபூர்வமான தொடையெலும்பு முறிவு. பழுதுபார்ப்பு நீண்டகாலம் மந்தமானால் தொடையெலும்பின் நடுத்தண்டில் சின்னக் கீறல்கள் ஆறாமல் சேர்கின்றன. வாரக்கணக்கில் தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி இருந்தால், இடுப்பு எக்ஸ்ரே மட்டும் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடாது. இரண்டு தொடையையும் முழுநீளம் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமும் தொடங்கியிருக்கலாம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்கும் முன் முடித்துக்கொள்வது உத்தமம். தாடையெலும்பு ஆறாமல் போகும் சிக்கல் எலும்புப்புரை அளவுகளில் மிக அரிது. புற்றுநோய்க்காக மாதந்தோறும் ஏற்றுபவர்களில்தான் கூடுதல்.

விடுப்பு என்ற சலுகை எல்லா மருந்துக்கும் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமேப் ஊசி ஆஸ்டியோகிளாஸ்ட் பிறப்பதையே தடுக்கிறது. ஆனால் எலும்பில் ஒட்டுவதில்லை. அடுத்த ஊசி சில மாதம் தள்ளிப்போனால் அடக்கி வைத்திருந்த கரைவு ஒரேயடியாகத் திரும்பிவந்து, ஏறிய அடர்த்தி கரைகிறது. சிலருக்கு முதுகெலும்புகள் வரிசையாக நசுங்குகின்றன. ஊரை விட்டுப் போனதால், பணமில்லாததால், நன்றாக இருக்கிறதே என்று தோன்றியதால் என ஊசியை விட்டவர்களுக்கு இது நடக்கிறது. டெனோசுமேப்பை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அடுத்த தவணை வருகிற வேளையில் அலெண்ட்ரோனேட்டோ சோலெட்ரோனேட்டோ கொடுத்து அந்தக் கரைவை மறிக்கிறார்கள். புது மருந்து விட்டுப்போகும் இடத்தைக் காக்க, எலும்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பழைய சலவைத்தூள் மூலக்கூறு தேவைப்படுகிறது.